பிரபஞ்சம் விரிகிறது, வேகம்தான் வழக்கு

ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம் தந்த விடை 67.4. ஹபிள் தொலைநோக்கியை வைத்து ஆடம் ரீஸ் குழுவினர் 2022-ல் சொன்ன விடை 73. கேள்வி ஒன்றுதான்: தொலைவு ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு கூடும்போதும், கேலக்ஸிகள் விலகும் வேகம் விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது? முதல் விடையில் பிழைக்கு இடம் அரை கிலோமீட்டர்; இரண்டாவதில் ஒரு கிலோமீட்டர். முன்னேபின்னே இருக்கத்தான் செய்யும் என்று ஒதுக்கிவிட முடியாத இடைவெளி இது.

ரீஸின் வழி பழையது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியட்டா லீவிட், கண்ணாடித் தகடுகளில் கரும்புள்ளிகளாகப் பதிந்த விண்மீன்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சிறிய மெகல்லன் மேகத்தில் 25 விண்மீன்கள் பிரகாசிப்பதும் மங்குவதுமாக இருந்தன. அந்தச் சுற்றுக்கு நாள் அதிகம் பிடித்தால் விண்மீனின் ஒளியும் அதிகம் என்று 1912-ல் காட்டினார். நாளை எண்ணினால் உண்மையான ஒளி தெரியும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தொலைவு கிடைத்துவிடும். இந்தச் செஃபீடு விண்மீன்களைக் கொண்டு சூப்பர்நோவாக்களின் ஒளியைக் கணித்து, இன்னும் தொலைவுக்குப் போகிறார் ரீஸ்.

பிளாங்க் கேலக்ஸிகளின் பக்கமே போகவில்லை. பிரபஞ்சத்துக்கு 3.8 லட்சம் வயதானபோது கிளம்பிய ஒளியை அளந்தது. அண்டவியலின் இன்றைய கோட்பாடு சரி என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து இன்றைய வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ரீஸ் சொல்வது சரியென்றால் அந்தக் கோட்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

செஃபீடுகள்மீது முதலில் சந்தேகம் விழுவதிலும் நியாயம் உண்டு. 1929-ல் எட்வின் ஹபிள் கண்ட வேகம் சுமார் 500. அதன்படி பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான். பூமியின் பாறைகளே அதைவிட மூத்தவை! செஃபீடுகளில் இரண்டு ரகம் உண்டு என்று வால்ட்டர் பாடே 1952-ல் அறிவித்ததும், கேலக்ஸிகளின் தொலைவு ஒரேயடியாக இரட்டிப்பானது.

பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து கணக்கைக் கெடுக்கிறதோ என்பது இப்போதைய சந்தேகம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செஃபீடுகளைச் சரிபார்த்த ரீஸ் குழு, ஹபிள் தொலைநோக்கியின் அளவுகளில் அப்படியொரு பிழை இல்லை என்று 2024-ல் அறிவித்தது. ஆனால் அதே வெப்பைக் கொண்டு, செம்பெரு விண்மீன்களையும் சேர்த்து அளந்த வெண்டி ஃப்ரீட்மன் குழுவுக்கு 70-ஐ ஒட்டியே விடை வருகிறது. புதிய இயற்பியலைத் தேடிக் கிளம்புமுன் இந்த வித்தியாசத்தைத்தான் தீர்க்க வேண்டும்.

இரு தரப்பையும் சாராத சாட்சி ஒன்று உண்டு. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை பூமியை எட்டியது. அலையின் வலுவே தொலைவைச் சொன்னது. மோதல் நடந்த கேலக்ஸி விலகும் வேகத்தை அதோடு ஒப்பிட்டபோது கிடைத்த விடை 70. ஆனால் அது 62 ஆகவும் இருக்கலாம், 82 ஆகவும் இருக்கலாம். வரம்பு சுருங்க, இப்படிப் பல மோதல்கள் வேண்டும். ஒவ்வொன்றும் வானில் எந்த இடத்தில் நடந்தது என்றும் தெரிய வேண்டும். அதற்கு உலகின் வெவ்வேறு மூலைகளில் ஈர்ப்பலை மானிகள் தேவை. அவற்றில் ஒன்றை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க மத்திய அரசு 2023-ல் ஒப்புதல் தந்திருக்கிறது.