‘இது நீங்கள்தானா?’ என்று போன் கேட்டால்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். போன மாதம் ஒரு ராத்திரி அவர் போனில் ஒரு கேள்வி வந்து நின்றது: ‘ஆர் யூ ட்ரையிங் டு சைன் இன்?’ ‘யெஸ், இட்ஸ் மீ’ என்பதை அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விடிந்தபோது மெயில் அவர் கையில் இல்லை.

“போன் என்னுதுதானே சார்? நீதானான்னு கேட்டா ஆமான்னுதானே சொல்லணும்?” என்றார். ஆங்கிலத்தில் இலக்கணம் பிசகாமல் கடிதம் எழுதுகிறவர் அவர். ஆனால் போன் கேட்டது வேறு: இந்த நிமிஷம் இன்னொரு கருவியிலிருந்து உங்கள் கணக்கைத் திறக்கப் பார்ப்பது நீங்களா? நாமாக எதையும் திறக்காதபோது இது வந்தால் ‘நோ’தான் பதில். பாஸ்வேர்டு வெளியே போயிருக்கலாம். அதையும் கையோடு மாற்றிவிட வேண்டும்.

இந்தத் திரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். எல்லாம் தெரிந்த சொற்களாக இருப்பதுதான் வம்பு. ‘ஓடிபியை ஷேர் செய்யாதீர்கள்’ என்கிறார்கள். நமக்கு ஷேர் என்றால் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்புவது. “அந்த ஆறு நம்பரைப் படிங்க சார்” என்று போனில் ஒருவன் கேட்க, நாம் வாய்விட்டுப் படிப்பதும் ஷேர்தான் என்று அந்த நேரத்தில் உறைப்பதில்லை. யுபிஐ பின் விஷயமும் இப்படித்தான். பணம் அனுப்ப அது வேண்டும். பணம் வாங்க வேண்டவே வேண்டாம்.

‘லாகின்’ கடலிலிருந்து வந்த சொல். லாக் என்றால் மரக்கட்டை. கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய ஏடு லாக்புக். அதில் பதிகிற வழக்கம் கணினிக்கும் வந்தது. அப்படிப் பார்த்தால், பிரவுசிங் சென்டரில் ஜன்னலை மட்டும் மூடிவிட்டு எழுந்து வருகிறவர் ஏட்டில் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ‘லாக் அவுட்’ அழுத்தினால்தான் வெளியே வந்ததாகக் கணக்கு. அங்கே ‘ரிமெம்பர் மீ’ கட்டத்தில் டிக் போடுவது, வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் விட்டுவருவது போல.

வாத்தியாரின் கதை நீண்டது ‘ரெகவரி’யில்தான். பாஸ்வேர்டு மறந்தாலோ பறிபோனாலோ, நாம்தான் நாம் என்று நிரூபிக்க முன்கூட்டியே கொடுத்துவைத்த எண்ணும் இன்னொரு மெயிலும்தான் ரெகவரி போன், ரெகவரி இமெயில். அவர் கொடுத்திருந்தது மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய எண். ரீசார்ஜ் போடாமல் அது எப்போதோ செத்துவிட்டது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. அதாவது, நம் கணக்கைத் திறக்கும் குறியீடு முகம் தெரியாத ஒருவரின் போனில் போய் விழலாம். எண் மாறினால் முதலில் பேங்கையும் மெயிலையும் திருத்துங்கள். சொந்தக்காரர்களுக்குப் பிறகு சொல்லலாம்.

கடைசியில் அவரைக் காப்பாற்றியது வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர். வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் மீட்க வாய்ப்பு அதிகம் என்று கூகுளே சொல்கிறது. பணம் ஏதும் போகவில்லை; போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருக்க வேண்டும்.

மெயில் திரும்பியதும் ‘பேக்கப் கோட்ஸ்’ எடுத்துக்கொண்டார். கூகுள் தருவது பத்து, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்று ஒரு முறைதான் செல்லும். போன் தொலைந்தாலும் உள்ளே போகலாம். பென்ஷன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பத்தையும் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். முதல் எண்ணின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.