பந்தும் ஊரும் – 9: ஏழு கோல்கள்

சென்ற வாரம் கென்யாவின் ததாப் அகதி முகாமில் நிறுத்தியிருந்தேன். அங்கே கையில் கிடைத்ததையெல்லாம் பந்தாக்கி உதைத்துக்கொண்டிருந்த சோமாலியச் சிறுவர்களில் சிலர், பிறகு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், பனி கொட்டும் லூயிஸ்டனில் பள்ளிக்கூடம் போனார்கள்.

மெய்ன் மாநிலத்து ஊர் அது. மக்கள்தொகை சுமார் 36,000. முகமது அலி 1965இல் சன்னி லிஸ்டனை முதல் சுற்றிலேயே சாய்த்தது இங்கேதான். பஞ்சாலைகள் மூடிய பிறகு வீடுகள் காலியாகக் கிடந்தன, வாடகையும் குறைவு. 2001இல் சோமாலியக் குடும்பங்கள் வரத் தொடங்கின. மறு ஆண்டே மேயர் லாரியர் ரேமண்ட் பகிரங்கக் கடிதம் எழுதினார்: உங்கள் ஆட்கள் வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஆலைகளில் உழைத்தவர்களே கனடாவிலிருந்து பிழைக்க வந்த பிரெஞ்சுக்காரர்கள்தாம். பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடக்க வேண்டும் என்று 1919இல் சட்டம் போட்டு, பிரெஞ்சு பேசிய பிள்ளைகளைத் தண்டித்த மாநிலம் அது. மூன்று தலைமுறைக்குள் எல்லாம் மறந்துவிடுகிறது!

ஐஸ் ஹாக்கிக்குப் பேர்போன ஊரில் கால்பந்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மைக் மெக்ரா மட்டும் பல்லாண்டுகளாக லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அகதிப் பிள்ளைகள் வந்ததும் ஆட்டமே மாறியது. 2015இல் அணியில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கப் பையன்கள். கோல்கீப்பர் உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோல்கீப்பர் கண்ணுக்கு மைதானம் முழுக்கத் தெரியும். அவனுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் எவன் ஓடி வருகிறான் என்று தெரியாது. பின்னாலிருந்து வரும் கத்தலை நம்பித் திரும்ப வேண்டும், யோசிக்க நேரமில்லை. அவன் நழுவவிட்டால் இவன் பாய்ந்து விழுந்து காப்பாற்ற வேண்டும். ‘வேற்றுமையை மதிப்போம்’ என்று வகுப்பெடுத்து இதை வரவழைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவனுக்கு ஒருவன் தேவைப்பட வேண்டும். அதுவும் தினமும், மாலைக் குளிரில். ஆட்டத்துக்கு முன் வெள்ளைப் பையன்களும் சேர்ந்து ‘பமோஜா ந்துகு’ என்று சுவாஹிலியில் முழங்கினார்கள். ‘சகோதரர்களே, ஒன்றாக’ என்று அர்த்தம்.

அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நவம்பரில், போர்ட்லந்தில் நடந்த மாநில இறுதிப் போட்டியில் ஸ்கார்பரோவை 1–0 என வென்றார்கள். முந்தைய ஆண்டு இறுதிவரை வந்து நழுவவிட்ட கோப்பை. பருவம் முழுவதும் அடித்த கோல்கள் 113. எல்லாரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். வாங்கியது ஏழே ஏழு. நான் சொல்லும் நட்புக்குக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

கோப்பை வந்தபோது மேயராக இருந்தவர் ராபர்ட் மெக்டொனால்ட். ‘உங்கள் கலாச்சாரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்’ என்று குடியேறிகளுக்கு 2012இல் பிபிசி வழியாகச் சொன்னவர். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)