குடும்ப வைத்தியரை உருவாக்கும் கல்வி

வருத்தம் வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, என்ன மருந்து என்பதன்று. யாரிடம் போவது என்பதே. கொழும்புக்குத் தெற்கே, காலி வீதியை ஒட்டிக் கிடக்கும் இரத்மலானையில் றெயில்வே வேலைத்தளமும் விமான நிலையமும் தொழிற்சாலைகளும் உண்டு. அவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்கே தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கால் விறைக்கத் தொடங்குகிறது எனக் கொள்க. விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும். ஆதலால் அவள் வேலை முடிந்தபின் வழியிலுள்ள டிஸ்பென்சரியில் நுழைகிறாள்; "கால் உளைவு" என்கிறாள்.

உளைவுக்குக் குளிசை கொடுத்து அனுப்பும் வைத்தியர் உண்டு. "தாய் தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்ததோ? இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள்?" என்று வினவி, இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லும் வைத்தியரும் உண்டு. முன்னவரிடம் போனவள் சில ஆண்டுகளின் பின் ஆறாத புண்ணோடு பெரிய வைத்தியசாலையின் வாசலில் நிற்க நேரலாம். பின்னவரிடம் போனவளின் கால் தப்பலாம். இரு வைத்தியரும் பெற்ற பட்டம் ஒன்றே. வேற்றுமை அவர்கள் பயின்ற இடத்திலும் முறையிலும் உள்ளது.

1961ஆம் ஆண்டில் கெர் வைற் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய துணைவரும், அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் திரட்டப்பட்ட விபரங்களைக் கொண்டு ஒரு கணக்கை வெளியிட்டனர். வயது வந்தோர் 1000 பேரில், ஒரு மாதத்துள் 750 பேருக்கு ஏதேனும் நோயோ காயமோ உண்டாகிறது. 250 பேர் வைத்தியரை நாடுகின்றனர். 9 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றனர். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெரிய வைத்தியசாலையை அடைபவர் ஒருவரே. ஆனால் மருத்துவ மாணவன் தன் தொழிலைப் பெரும்பாலும் கற்பது அந்த ஒருவரின் கட்டிலருகிலேயாம். அரிய நோய்களை அறிந்து வெளியேறும் அவன், மற்றையோர் கொண்டுவரும் தலைச்சுற்றையும் நெஞ்செரிவையும் எதிர்கொள்ளுகையில் திகைப்பது வியப்பன்று.

குடும்ப வைத்தியம் தனிப் பயிற்சியை வேண்டி நிற்பது இதனாலேயே. வைத்தியசாலை விடுதியில் நோய்க்குப் பெயர் ஏற்கெனவே இடப்பட்டிருக்கும். டிஸ்பென்சரியில் அதற்குப் பெயர் இல்லை. அங்கே, பொறுத்துப் பார்க்கக்கூடியது எது, உடனே அனுப்பவேண்டியது எது எனப் பிரித்தறிதல் வேண்டும். பிள்ளையின் இருமலுக்கும் அடுப்புப் புகைக்கும் உள்ள தொடர்பைக் காணல் வேண்டும். எழுதிக் கொடுக்கும் மருந்தை வாங்கப் பணமுண்டோ என்று கேட்டறிதலும் வேண்டும். ஒரே குடும்பத்தைப் பல்லாண்டு பார்த்து வருவதால் விளையும் அறிவு, எந்த இயந்திரமும் தராத அறிவாகும்.

இக்கருத்தின் ஒரு பகுதியை ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் ஒருவர் செயலிற் காட்டினார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மாணவர்க்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய பணிக்களமாயிற்று. முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகத்தை நாடி வெளியேறுவர். தமிழிற் கற்றவரே கிராமத்தில் தங்கித் தம்மவர்க்கு உழைப்பர் என்பது அவருடைய முடிபு. எனவே 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரும் அவர் மாணவரும் பாடநூல்களைத் தமிழிற் பெயர்த்தனர். "இரணவைத்தியம்" 1867இலும் "மனுஷவங்காதிபாதம்" 1872இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே ஆங்கிலமே போதனாமொழி. தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைபெறவில்லை. ஆயினும், பயிலும் மொழியும் இடமும் வைத்தியன் எங்கே தங்குவான் என்பதைத் தீர்மானிக்கின்றன என்ற பாடம் மறையவில்லை. 1972இல் தொடங்கிய ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரைத் தெரிந்தெடுக்கிறது. படிப்புச் செலவைக் கடனாக ஏற்கிறது. மாணவர் தம் மாகாணத்துக்குத் திரும்பி, நாட்டுப்புறச் சேவை உட்பட ஒன்பது ஆண்டளவு பணியாற்றினால் அக்கடன் தீரும். நாட்டுப்புறத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, நாட்டுப்புறத்திலேயே பயிற்சியளிக்குமாறு 2010இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

இலங்கையில் பொது வைத்தியர்களின் கல்லூரி 1974இல் அமைந்தது. 1980இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப வைத்தியத்தில் உயர்பட்டம் வரை பயிற்சியளிக்கிறது. மறுபுறம், எவரும் எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் நேரே சென்று இலவசமாகச் சிகிச்சை பெறலாம். இது ஏழைக்குப் பெரும் வரம். எனினும் சிறு வருத்தத்துக்கும் பெரிய வைத்தியசாலையில் வரிசை நீள்கிறது. அங்கே காண்பவர் இன்று ஒருவர், நாளை வேறொருவர். மலையகத் தோட்டங்களிலோ, நெடுங்காலமாகப் பட்டம் பெறாத தோட்ட மருத்துவ உதவியாளரே முதற் புகலிடமாயிருந்தனர். வைத்தியர் கற்பது ஆங்கிலத்தில். நோயாளி தன் துன்பத்தைச் சொல்வது சிங்களத்திலோ தமிழிலோ. "உளைவு" என்பதும் "விறைப்பு" என்பதும் வெவ்வேறென உணராத செவிக்கு நோயின் முதற் குறி தவறிப்போகும்.

இரத்மலானையிலேயே, சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் 2009 முதல் மருத்துவ பீடத்தை நடத்துகிறது. சிறிது வடக்கே, களுபோவிலையில் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை உள்ளது. மருத்துவம் பயிலும் இடங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதே. எங்கே கற்பவராயினும், மருத்துவ மாணவர் வாரத்தில் சில மாலைகளேனும் தேர்ந்த குடும்ப வைத்தியர் ஒருவரின் அருகில் அமர்ந்து, வேலை முடிந்து வரும் அப்பெண்ணின் சொல்லைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். அவள் கால் தப்புவது அந்தப் பழக்கத்தினாலேயே.