விழுங்கப்பட்ட பிழை

ரயில் டிக்கெட்டுக்குப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறீர்கள். வட்டம் சுற்றுகிறது, பிறகு வெள்ளைத் திரையில் '500' என்று ஓர் எண். எரிச்சல்தான். ஆனாலும் அந்த எண் பொய் சொல்லவில்லை. 4-ல் தொடங்கினால் கேட்டவரின் கோரிக்கையில் கோளாறு, 5-ல் தொடங்கினால் சர்வரில் கோளாறு.

கோரிக்கையை வாங்கி, எந்த வேலையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் பகுதிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காவ்க் 1979-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தபோது வகுத்த அமைப்பிலிருந்து வந்த பெயர் இது. வலைத்தளம் என்ற ஒன்றே அப்போது கிடையாது.

இருக்கை இருக்கிறதா என்று கன்ட்ரோலர் டேட்டாபேஸைக் கேட்கும். பணத்துக்கு வங்கியைக் கேட்கும். வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் நிரல் அங்கேயே நின்று ஓர் 'எக்செப்ஷன்' எழுப்பும். அதைப் பிடிக்க அந்த இடத்தில் ஏற்பாடு இல்லையென்றால், அழைத்த பகுதிக்குப் போகும். அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. இப்படி ஏறி ஏறிக் கன்ட்ரோலருக்கு வந்து சேரும். அங்கும் தப்பினால், தளத்துக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க் பிடித்து 500 காட்டிவிடும்.

இந்த 500-க்குப் பயந்து சில புரோகிராமர்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் பிழையைப் பிடிக்கும் 'டிரை-கேட்ச்' போட்டு, கேட்ச் பகுதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். பிழை விழுங்கப்படும், பதிலாக '200', அதாவது எல்லாம் நலம் என்று போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பணம் போயிருக்கும், டிக்கெட் வந்திருக்காது, சர்வரின் பதிவேடான லாகில் ஒரு வரிகூட இருக்காது. பச்சையான 500 இதைவிட எவ்வளவோ மேல் என்பேன்.

நேர் எதிரான தவறும் உண்டு. ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கில், பிழை விவரத்தைக் காட்டும் 'டீபக்' வசதியை அணைக்காமல் தளத்தை வெளியிட்டால், கோப்பின் பெயர், வரி எண் என்று உள்விவரமெல்லாம் பயனரின் திரையில் கொட்டும். ஊடுருவ நினைப்பவருக்கு வேறு துப்பு வேண்டாம்.

எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் பிழைகளைப் பிடிப்பதே சரி. ஸ்பிரிங் என்ற ஃபிரேம்வொர்க்கில் இதற்குக் 'கன்ட்ரோலர் அட்வைஸ்', ரெயில்ஸ் என்பதில் 'ரெஸ்கியூ ஃபிரம்'. தேடிய பதிவு இல்லையா, 404. அனுமதி இல்லையா, 403. எதிர்பாராதது எதுவானாலும் 500. முழு விவரம் லாகுக்கு; பயனருக்கு இரண்டு வரியும் ஒரு குறிப்பு எண்ணும் போதும். பிழைச் செய்தியின் வடிவத்துக்கு 2023-ல் ஆர்எஃப்சி 9457 என்ற பொது வரையறையும் வந்திருக்கிறது.

பணம் புழங்கும் இடத்தில் மட்டும் இது போதாது. வங்கி பதில் தரவில்லை என்பதால் பணம் எடுக்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. எடுத்த பிறகு பதில் வழியில் தொலைந்திருக்கலாம். கன்ட்ரோலர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டால் இரண்டு முறை பணம் போகும். அதனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் கொடுத்து அனுப்புவார்கள். அதே எண் மறுபடி வந்தால், மறுமுனை பழைய விடையையே திருப்பித் தரும்.

எல்லாத் தளங்களும் இதைச் செய்வதில்லை. ஆகவே பிழைப் பக்கம் வந்தால், கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். குறிப்பு எண் தெரிந்தால் படம் பிடித்துப் புகாரோடு அனுப்புங்கள்.