சிறு பட்டறைக்கேற்ற பட்டிவாள்

தமிழாசிரியர் வாளைப் பற்றி எழுதினால், அது சேரன் செங்குட்டுவன் ஏந்திய வாளாகவே இருக்குமென இம்மலரைப் பிரிப்போர் எண்ணுதல் இயல்பு. யாம் எழுதப் புகுந்ததோ மரம் அரியும் வாளைப் பற்றி. மாலை வேளைகளில் வீட்டுத் தாழ்வாரத்தில் உளியும் சீவுளியும் கொண்டு பொழுதுபோக்காகத் தச்சுவேலை செய்யும் பழக்கம் எமக்கு நெடுநாளாக உண்டு. பழைய மாணவர் சிலர், இங்குள்ளோரும் கடல் கடந்து வாழ்வோருமாக, 'பாண்ட் சோ' எனப் பட்டறைகளில் வழங்கும் பட்டிவாள் ஒன்றை அடக்கமான விலையில் வாங்க விரும்பி, எதனை வாங்கலாமென எம்மிடம் வினவியுள்ளனர். எம்மை வினவுதற்குக் காரணம் எமது புலமையன்று. முதன்முறை யாம் தவறான இயந்திரத்தை வாங்கிய செய்தி ஊரறிந்தது.

அத்தவற்றையே முதலிற் கூறுவோம். புராணபடனத்தின்போது நூலை வைத்துப் படிக்கும் வியாசபீடத்தை, பசையும் ஆணியுமின்றி ஒரே பலகையிற் செய்தல் எமக்கு மிக விருப்பமான வேலை. 8 அங்குல அகலமுள்ள பலாப்பலகையின் நடுவே பிணைச்சலை உளியாற் செதுக்கி, பின்பு இரு முனைகளிலிருந்தும் பலகையின் தடிப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு பிணைச்சல்வரை வாளைச் செலுத்தல் வேண்டும். அதன்பின் காற்புறத்தை வளைவாக அரிந்தால், பலகை கத்தரிக்கோல் போல விரிந்து நிற்கும். கைவாளாற் பிளப்பதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செல்லும். வாள் சற்றே விலகினால் பலகை பாழ். இத்துன்பம் நீங்க, பல மாதங்களாகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, '8 அங்குலப் பட்டிவாள்' என விற்ற சிறிய மேசை இயந்திரமொன்றை வாங்கினோம். 8 அங்குலப் பலகைக்கு 8 அங்குல வாள் என்பது எமது கணக்கு. வீட்டிற்குக் கொணர்ந்து பலகையை நிமிர்த்தி வைத்தபோது, அது வாளின் வாயினுள்ளே நுழையவில்லை. அவ்வாயின் உயரம் 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. எட்டு என்றது சில்லின் அளவை. சொல்லுக்குப் பொருளுரைத்துச் சம்பளம் பெறும் யாம், ஓர் எண்ணுக்குப் பொருள் பிழைத்தோம்.

பட்டிவாளின் அமைப்பு எளிது. மேலொன்றும் கீழொன்றுமாக இரு சில்லுகள். அவற்றின் விளிம்பில் இறப்பர்ப் பட்டை. இரண்டையும் சுற்றி ஓடும் முடிவில்லாத எஃகு நாடா ஒன்று. நாடாவின் ஓர் ஓரத்திற் பற்கள். நடுவே மேசை. இயந்திரத்துக்குப் பெயராக வழங்கும் அங்குலம் சில்லின் விட்டத்தைக் குறிக்கும். வாளுக்கும் அதன் பின்னுள்ள தூணுக்கும் இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ அதுவே. எவ்வளவு உயரமான மரத்தை அரியலாம் என்பது வேறொரு கணக்கு. அவ்வெண் விளம்பரத்திற் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது அதனையே.

இப்பொறியின் வரலாற்றில் ஒரு செய்தி எமது கருத்துக்குத் துணையாவது. இலண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி என்பார் 1809 ஆம் ஆண்டிலேயே பட்டிவாளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் அது பயனுக்கு வரவில்லை. ஓயாது வளைந்து நிமிரும் நாடா, ஒட்டிய இடத்தில் அற்றுப்போயிற்று. ஆன் போலின் கிறெப்பின் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி நாடாவை உறுதியாக ஒட்டும் முறையைக் கண்டார். 1846 இல் அவர் அதற்குக் காப்புரிமை கோரினார்; பாரிசிலிருந்த பெரின் நிறுவனத்தார் அவ்வுரிமையை வாங்கிய பின்னரே பட்டிவாள் பட்டறைகளிற் பரவலாயிற்று. இயந்திரம் தோன்றி முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தனக்கேற்ற வாளுக்குக் காத்திருந்தது. இன்றும் கடையிலே இயந்திரத்தின் நிறத்தையும் மோட்டரையும் பார்த்து நிற்போர் பலர். வாளைப் பார்ப்போர் சிலர்.

வாள் நேராக அரிய வேண்டுமாயின் அது விறைப்பாக இழுபட்டு நிற்றல் வேண்டும். அகன்ற வாளுக்கு மிகுந்த இழுவிசை வேண்டும். அவ்விசையைத் தாங்குவது சட்டகம். மெல்லிய தகட்டாலும் இலேசான வார்ப்பாலும் செய்த சட்டகம், திருகத் திருகத் தானே வளைந்து கொடுக்கும். ஆதலின் '½ அங்குல வாள்வரை பொருத்தலாம்' என விற்போர் கூறின், பொருத்தலாம் என்பது மெய். போதிய விறைப்பை ஏற்றலாம் என்பது அதனாற் பெறப்படாது. 8, 9 அங்குல இயந்திரங்கள் ¼ அங்குல வாளுடனும், மிஞ்சினால் ⅜ அங்குல வாளுடனும் நன்கு வேலை செய்யும். வாளின் தடிப்புக்கும் ஒரு வரம்புண்டு. சில்லின் விட்டத்தில் ஆயிரத்திலொரு பங்களவே வாளின் தடிப்பு இருத்தல் நன்று என்பது பழைய விதி. நடைமுறையில் அது சற்று மீறப்படும். 14 அங்குலச் சில்லில் 0.025 அங்குலத் தடிப்புள்ள வாள் ஓடுகின்றது. அதனைச் சிறிய சில்லில் ஏற்றினால் வளைவின் கொடுமையால் விரைவில் வெடித்து அறும், அங்கு 0.014 அங்குல வாளே தகும். மூன்று சிறு சில்லுகள் பூட்டிய இயந்திரங்களும் உள. இடம் அகலமாயிருத்தல் கண்டு அவற்றை விரும்புவர். ஒரு சுற்றுக்கு மும்முறை நெருக்கமாக வளையும் வாள் நெடுநாள் நில்லாது. பழையதாய் மலிவாகக் கிடைப்பினும் யாம் அவற்றை வாங்கோம்.

வளைவரிதலுக்கு வேண்டியது குறுகிய வாள். ¼ அங்குல வாள் ⅝ அங்குல ஆரையுள்ள வளைவிலும் திரும்பும். ½ அங்குல வாளுக்கு 2½ அங்குல ஆரை வேண்டும். பற்களோ, தடிப்பைப் பிளத்தற்கு அங்குலத்துக்கு 3, பொதுவேலைக்கு 6. பற்கள் நெருங்கினால் அரிவு அழகாயிருக்குமெனக் கருதி உயரமான மரத்தில் நெருங்கிய பல்லைச் செலுத்துவோர் உளர். பல்லிடைக் குழியில் மரத்தூள் நிரம்பி, வாள் சூடேறி, வழி விலகும். முதிரை போன்ற வைரமரங்களில் இது விரைவிற் புலப்படும்.

இனி, எதனை வாங்கலாம்? பொம்மை, எழுத்து வடிவம், சிறு பெட்டி ஆகியவற்றோடு நிற்போர்க்கு 9 அல்லது 10 அங்குலப் புதிய மேசை இயந்திரமே போதும். யாம் தவறி வாங்கிய இயந்திரத்தை எமது தமக்கையார் மகனுக்குக் கொடுத்தோம். அவர் அதில் மரப்பொம்மை அரிகின்றார். ஒரு குறையும் கூறினாரல்லர். இயந்திரத்திற் பிழையிருக்கவில்லை. அதனோடு வந்த வாளை மட்டும் எறிந்துவிட்டு நல்ல வாள் வாங்கச் சொன்னோம். மலிவான இயந்திரத்தில் நல்ல வாள், விலையுயர்ந்த இயந்திரத்திற் கெட்ட வாளினும் நேராக அரியும்.

பலகையைப் பிளக்க வேண்டுவோர்க்குப் பழைய 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரத்தைத் தேடுமாறு கூறுவோம். அமெரிக்காவின் தெல்ற்றா நிறுவனத்தார் வெளியிட்ட அமைப்பையே தைவான் தொழிற்சாலைகள் பின்னாளிற் பல பெயர்களிற் செய்து விற்றன. அதன் அரியும் உயரம் ஏறத்தாழ 6 அங்குலம். தூணின் நடுவே 6 அங்குல வார்ப்புத் துண்டொன்றைச் சேர்த்து அதனை இருமடங்காக்கலாம். வாளின் நீளம் முன்னதற்கு 93½ அங்குலம், பின்னதற்கு 105 அங்குலம். பலரும் பயன்படுத்தும் அளவாதலின் வாள் கிடைத்தல் எளிது. எவ்வியந்திரத்தை வாங்கினும், விலை பேசுமுன் அதன் வாளின் நீளத்தைக் குறித்துச் சென்று, அந்நீளத்தில் வாள் விற்போரோ ஒட்டித் தருவோரோ உளரா என அறிக. மூடிய பட்டறையொன்றிலிருந்து இத்தகைய பழைய இயந்திரத்தை யாம் பெற்றோம். சில்லின் இறப்பர் வெடித்திருந்தது. அதனை மாற்றியபின் வியாசபீடத்தைப் பிளக்கச் சில நிமிடங்களே செல்கின்றன.

பழையதைப் பார்க்கச் செல்வோர் மின்னை நிறுத்திவிட்டுச் சில்லைக் கையாற் சுற்றுக. தாங்கி கரகரக்கின்றதா, சில்லு ஆடுகின்றதா என்பது கைக்குத் தெரியும். மேலுள்ள வாள்தாங்கியை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க. மேலே வாளோடு பொருந்தி நின்றது கீழே விலகிப்போமாயின் தொல்லை. மேசையைத் தாங்கும் வார்ப்பிலும் மேற்சில்லைத் தாங்கும் வார்ப்பிலும் வெடிப்புண்டா என நன்கு நோக்குக. இழுவிசை தரும் வில் நசிந்திருப்பின் மாற்றிவிடலாம். அதனைச் சொல்லி விலையையும் குறைக்கலாம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்வோர் ஊருக்கு இயந்திரம் அனுப்ப எண்ணுவராயின் அவர்க்கு ஒரு சொல். அங்குள்ள மின் 120 வோல்ற்று, செக்கனுக்கு 60 சுற்று. இலங்கையில் 230 வோல்ற்று, 50 சுற்று. வோல்ற்றை மின்மாற்றியாற் குறைக்கலாம். சுற்றை அதனால் மாற்ற இயலாது. தூண்டல் மோட்டர் ஆறிலொரு பங்கு வேகம் குறைந்து, சூடும் ஏறும். மோட்டரையே மாற்றுஞ் செலவையும் கணக்கிற் சேர்க்க. இலண்டனிலிருந்தும் அவுத்திரேலியாவிலிருந்தும் அனுப்புவோர்க்கு இவ்விடரில்லை.

பட்டிவாள் மரத்தை மேசையை நோக்கியே அழுத்துவது. வட்டவாள் போல மரத்தை ஆள்மேல் எறியாது. அதனால் அதனைச் சாதுவான இயந்திரமென்பர். இறைச்சிக்கடைகளில் எலும்பரிவதும் இவ்வகை வாளே என்பதை மாணவர் நினைக. வாள்தாங்கியை மரத்துக்கு ¼ அங்குலம் மேலாக இறக்கி வைத்தல், கடைசிச் சில அங்குலங்களைக் கட்டையொன்றாற் தள்ளுதல், கையுறை அணியாமை ஆகிய மூன்றும் வேண்டும். உருண்டைத் தடியைத் தாங்குகட்டையின்றி அரியவே கூடாது. அது உருண்டு கையையும் உள்ளிழுக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலிற் கடியுண்டாக்குவதால், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் நன்று.

இயந்திரம் வாங்க எண்ணும் பழைய மாணவர், தாம் அரிய விரும்பும் மரங்களுள் மிக அகலமானதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலைகளில் எமது வீட்டிற்கு வரலாம். அளவுகோல் யாம் தருவோம்.