பிளேட்லெட்டுக்கு மேலே உள்ள வரி

ஐப்பசி மழை பிடித்தால் பிள்ளைச்சாவடிக் கரையில் ஏற்றி வைத்த படகுகளிலும் வாசல் டிரம்களிலும் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது தாராளம். அப்புறம் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை. சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" அதே சீட்டில் இருக்கும் வெள்ளையணு எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அணுக்கள்

பிளேட்லெட், வெள்ளையணு இரண்டும் எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. பிளேட்லெட் முழுச் செல்கூட அல்ல, ஒரு பெரிய செல்லிலிருந்து உதிரும் துணுக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். 8 முதல் 10 நாள் வாழும். வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான்.

காயம் பட்ட இடத்தில் முதலில் ஒட்டுவது பிளேட்லெட். ஒட்டியதும் அதன் மேற்பரப்பில் பி-செலக்டின் என்ற புரதம் தலைகாட்டும். ஓடும் ரத்தத்தில் வரும் வெள்ளையணு அதைப் பற்றிக்கொண்டு நிற்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். வீசச் சொல்லித் தூண்டுவதில் பிளேட்லெட்டுக்கும் பங்குண்டு. அந்த வலையில் பிளேட்லெட்டும் சிக்கி, ரத்தம் உறையும். அளவு மீறினால் இதுவே ஆபத்து.

டெங்குவில் நடப்பது

வைரஸ் மஜ்ஜையை மந்தமாக்குகிறது. பெரும்பாலும் முதலில் குறைவது வெள்ளையணு; பிளேட்லெட் அதன் பின்னால் இறங்கும். தூண்டப்பட்ட பிளேட்லெட்டுகள் மோனோசைட் என்ற வெள்ளையணுவோடு ஒட்டி, அழற்சிப் பொருட்களைச் சுரக்க வைக்கின்றன. குணமாகும்போதும் வெள்ளையணுதான் முதலில் ஏறும். பிளேட்லெட் இன்னும் தாழ்ந்திருந்தாலும், நோயாளி தெளிவாக இருந்து வெள்ளையணு ஏறத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி.

இன்னொன்று: சிலரது ரத்தம், பரிசோதனைக் குழாயில் உள்ள உறைதடுப்பு மருந்தால் மாறி, பிளேட்லெட்டுகள் வெள்ளையணுவைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணாது. நோயில்லாமலே எண்ணிக்கை குறைவாக வரும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா?

ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதால் கசிவு தடுக்கப்படுவதில்லை என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது. பக்கவிளைவுகள்தான் கூடின. ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது காய்ச்சல் விடும் நாளுக்கு. 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் உடம்பு குளிர்ந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நினைப்போம். ரத்த நாளத்திலிருந்து நீர் கசிவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது — இதில் ஒன்று கண்டாலும் காலாப்பட்டு பிம்ஸ் மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும்.