வாழைப்பழத் தோலும் மூளையின் தூதனும்



வாழைப்பழம் சாப்பிட்டதும் தோலை உடனே எறிந்து விடாதீர்கள். ஒரு தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். கறுக்கத் தொடங்கியிருக்கும். ஏன் தெரியுமா?

அந்தத் தோலில் 'டோபமைன்' என்ற வேதிப்பொருள் இருக்கிறது. காற்று பட்டதும், தோலில் உள்ள நொதியின் உதவியால் அது எலக்ட்ரான்களை இழந்து வேறு பொருளாக மாறுகிறது. அதனால்தான் இந்தக் கறுப்பு.

இதே டோபமைன் நம் மூளையிலும் உண்டு. ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டு போகும் தூதன் அது. இதை 1957-ல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் கண்டறிந்தார். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டோபமைன் தயாரிக்கும் செல்கள் அழிந்தால் கை நடுங்கும், நடை தளரும். இதுவே பார்க்கின்சன் நோய். "அப்படியானால் நிறைய வாழைப்பழம் சாப்பிட்டால் போதுமே!" என்கிறீர்களா? போதாது. பழத்தில் உள்ள டோபமைனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது.

சரி, மூளையில் இருக்கும் டோபமைனை எப்படி அளப்பது? 1973-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் குழுவினர், எலியின் மூளைக்குள் சின்னஞ்சிறு கார்பன் மின்முனையைச் செலுத்தினர். அதில் சிறிது மின்னழுத்தம் கொடுத்தால், அருகில் இருக்கும் ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறும் 2 எலக்ட்ரான்களைத் தரும். எலக்ட்ரான் ஓடினால் அதுதானே மின்சாரம்! அந்த மின்சாரத்தை அளந்தால் டோபமைனின் அளவு தெரியும்.

ஆனால் ஒரு சிக்கல். மூளையில் வைட்டமின் சி டோபமைனைவிட மிக அதிகம். அதுவும் ஏறக்குறைய அதே மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களைத் தருகிறது. ஒரே சீருடையில் ஆயிரம் பேர் நிற்கும்போது, உங்கள் நண்பனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

விஞ்ஞானிகள் இரண்டு வழிகள் கண்டனர்.

முதல் வழி, மின்முனையின் மேல் எதிர் மின்னூட்டம் கொண்ட 'நாஃபியான்' என்ற பூச்சைப் பூசுவது. உடலில் வைட்டமின் சி-க்கும் எதிர் மின்னூட்டம்தான், ஆகவே விலக்கப்படும். டோபமைனுக்கு நேர் மின்னூட்டம், ஆகவே ஈர்க்கப்படும்.

இரண்டாவது வழி, கார்பன் நானோ குழாய்களைப் பூசுவது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில நானோமீட்டர் அகலமே உள்ள இக்குழாய்களைப் பூசியதும், இரண்டு பொருள்களும் தனித்தனி மின்னழுத்தங்களில் எலக்ட்ரான்களைத் தரும். ஆள் அடையாளம் தெரிந்துவிடும்!

2011-ல் அமெரிக்காவில், பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, கார்பன் இழை மூலம் அவரது மூளையில் டோபமைனின் ஏற்ற இறக்கத்தை அளந்தனர். எந்த நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், சிகிச்சையையும் அதற்கேற்ப அமைக்கலாமே!

செய்து பாருங்கள்: இரண்டு வாழைப்பழத் துண்டுகளில் ஒன்றின் மேல் மட்டும் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். அது மெதுவாகத்தான் கறுக்கும். சாற்றில் உள்ள வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து உதவுவது அதற்கு ஒரு காரணம். விஞ்ஞானிகளைக் குழப்பியதும் அதே குணம்தான்!